முட்டி வீங்கிய கறிவேப்பிலை

விவசாயம் படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டால் வீடு முழுக்கப் பச்சைப்பசேலென்று இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு நடை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். மணி பிளான்ட்கூட என் தலையைக் கண்டால் வாடிவிடும். நான் வேளாண்மைப் பட்டதாரி. பொய்யில்லை, பட்டத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சட்டத்தில் ஒரு போட்டோ. அதில் ஒரு பேராசிரியர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொத்தின் அடியில் சிவப்பு ரப்பர் பேண்ட். பக்கத்தில் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒரு பெண் நிற்கிறாளே, அது நான்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் பட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. போட்டோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதிவைத்துவிடுகிறேன்.

கல்யாணமாகிப் பொள்ளாச்சியிலிருந்து புனேவுக்கு வந்தது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்களில். கணவர் கதிர் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. விமான் நகரில் வாடகை ஃபிளாட். பால் காய்ச்சிய சூடு ஆறுவதற்குள் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. "மூணே மாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று ஆறாகி, ஆறு ஒன்பதாகி... (சாஃப்ட்வேர்க்காரர்களின் மாதக் கணக்குக்கும் நம் பஞ்சாங்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது.) தலைக்கு மேல் விமானங்கள் வீட்டு ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு இறங்கும். எதிலும் அவர் இருக்கமாட்டார் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பால்கனிக்கு ஓடுவேன். கரண்டியோடு ஓடியதும் உண்டு.

மராத்தி சுத்தமாகத் தெரியாது. இந்தி, காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்குத் தெரியும்; அவர் சொல்லும் விலை புரியும் அளவுக்குத் தெரியாது. எதிர் ஃபிளாட் அம்மாள் என்னைப் பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன், இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். சில நாள் சாயங்காலம் என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கண்ணாடி முன்னால் நின்று "என்ன பூங்கொடி, சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வேன். "ஆச்சுங்க" என்று மரியாதையாகப் பதிலும் சொல்லிக்கொள்வேன். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது அழுகை வந்தது.

இப்படியே போனால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்துதான் வேலை தேடினேன். ஊரின் இன்னொரு மூலையில், ஔந்தில் ஒரு சின்ன அறக்கட்டளை. மொட்டை மாடியிலும் பால்கனியிலும் காய்கறி வளர்க்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை. கிராமத்தில் வேளாண்மை அலுவலர் வயலுக்கு வந்து விவசாயிக்குச் சொல்வாரே, அதையே நகரத்துத் தொட்டி விவசாயிகளுக்குச் செய்வது. நல்ல யோசனைதான். என்னைச் சேர்த்துக்கொண்டதுதான் கெட்ட யோசனை.

ஏனென்றால் நாங்கள் படித்ததெல்லாம் ஏக்கர் கணக்கு. ஏக்கருக்கு இத்தனை மூட்டை எரு, ஏக்கருக்கு இத்தனை லிட்டர் மருந்து. ஒரு பூந்தொட்டி என்பது ஏக்கரில் எத்தனையில் ஒரு பங்கு என்று எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நேர்முகத்தில் ஜோஷி மேடம் (அறக்கட்டளையை நடத்தியவர், கதர்ப் புடவை, கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா) ஆங்கிலத்தில் கேட்டார்: "வயலுக்குப் படித்ததைப் பால்கனிக்கு எப்படிக் கொண்டுவருவாய்?"

"வகுத்துக்கலாம் மேடம்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து வேலை கொடுத்துவிட்டார்.

அலுவலகத்தில் இரண்டு டெலிபோன்கள். சிவப்பு போன் மராத்திக்கு. அதை பிராஜக்தா என்ற பெண் பார்த்துக்கொண்டாள். வெள்ளை போன் ஆங்கிலத்துக்கும் 'இதர மொழி'களுக்கும். அது எனக்கு. சிவப்பு போன் ஓயாமல் அடிக்கும். தக்காளி, மிளகாய், வெண்டை, மாவுப்பூச்சி என்று பிராஜக்தா மூச்சுவிடாமல் பேசுவாள். வெள்ளை போன் அடிக்கவே அடிக்காது. ஆங்கிலம் பேசுகிற வீடுகளில் செடிக்கு ஏதாவது ஆனால் தோட்டக்கார மாலியைத்தான் கூப்பிடுவார்கள், போனை அல்ல என்பது மேடத்துக்கு உறைக்கவில்லை. நான் அவ்வப்போது ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று கேட்பேன். 'ங்ங்ங்' என்று கேட்கும். அதுவும் ஒரு பேச்சுதான் என்று வைத்துவிடுவேன்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் கட்கியில் இருந்த ஒரு தமிழ் மளிகைக் கடையில் கையால் எழுதி ஒரு அட்டை தொங்கவிட்டேன். 'செடிகளின் நோய்களுக்கு இலவச ஆலோசனை. தமிழிலும் பேசலாம்.' மனசுக்குள் இருந்தது வேறு. 'தமிழில் பேசினால் போதும், செடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. அதை அட்டையில் எழுத முடியுமா?

அதற்கடுத்த வாரம் வெள்ளை போன் அடித்தது. பிராஜக்தாவே பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அலோ... செடிக்கு வைத்தியம் பாக்குற எடமா?"

தமிழ்! அதுவும் அசல் திருநெல்வேலித் தமிழ். 

"ஆமாங்க! சொல்லுங்க! சொல்லுங்க!"

"ஏம்மா கத்துத? காது நல்லாத்தான் கேக்கு. எம்பேரு ஆவுடையப்பன். ஹடப்சர்ல மவன் வீட்ல இருக்கேன். ஒரு கறிவேப்பிலை வச்சேன் பாத்துக்கோ. இலையெல்லாம் மஞ்சளாவுது."

ஆஹா, இது எங்கள் பாடத்தில் முதல் பக்கம்! அடியில் இருக்கும் முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, நுனிக் கொழுந்து மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு. கம்பீரமாகக் கேட்டேன்.

"அடி இலைங்களா, கொழுந்துங்களா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ரெண்டுந்தான்" என்றார்.

"அப்படின்னா புளிச்ச மோர் ஊத்துங்க."

"எவ்வளவும்மா?"

இங்கேதான் ஏக்கர் கணக்கு காலை வாரிவிட்டது. எங்கள் தோட்டத்தில் கிணற்றடிக் கறிவேப்பிலை மரம் ஓட்டுக்கு மேல் நிற்கும். அதை நினைத்துக்கொண்டே சொன்னேன். "தாராளமா ஊத்துங்க!"

சரி என்றார். வைக்கப் போனவர், "நீ கோயம்புத்தூர்ப் பக்கமா? சாப்டியாம்மா?" என்றார். என்னைச் சாப்பிட்டாயா என்று கண்ணாடியைத் தவிர வேறு யாரோ கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. "சாப்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, என்ன சாப்பிட்டேன் என்பதையும், அதில் உப்பு குறைந்ததையும், அதற்குக் காரணமான தக்காளியையும் சொல்லி முடிக்கும்போது மத்தியானமாகிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் பதினொரு மணி வாக்கில் கூப்பிடுவார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய், பேரனும் பள்ளிக்கூடம் போன பிறகு. முதலில் கறிவேப்பிலைக்கு இரண்டு வார்த்தை. அது சுங்கம் கட்டுகிற மாதிரி. கட்டியாகிவிட்டால் பிறகு வண்டி எங்கு வேண்டுமானாலும் போகும். கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு கட்கி குவார்ட்டர்ஸ் சிநேகிதத்தையெல்லாம் விட்டுவிட்டு ஹடப்சருக்கு வந்தவர். "கட்கியில பாதி பேரு நம்மாளு. இங்க ஏழு மாடி, ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது. இந்த ஊர்ல மத்தியானம் ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் கடையும் கெடையாது, மனுசனும் கெடையாது. காக்காகூடத் தூங்கப் போயிருது" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பிராஜக்தா, செடி நோயில் இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பாள்.

மஞ்சள் இரண்டே நாளில் போய்விட்டதாகச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் புதிதாக ஒன்று வந்தது.

"கணுக்கணுவா வீங்கியிருக்கும்மா."

சாம்பல் வைக்கச் சொன்னேன். அது நின்றதும் இன்னொன்று. "காலையில சாஞ்சு கெடக்கு. ஒரு பத்து மணிக்கு மேலதான் நிமிருது." செடிகள் வெயிலில் வாடி விடியலில் நிமிரும், இது தலைகீழ்! புத்தகங்களை இழுத்துப் போட்டுப் புரட்டினேன். எதிலும் இல்லை. பிறகு, "உச்சியில மட்டும் இலை கொட்டுது. பக்கத்துலல்லாம் இருக்கு." அதற்கும் பிறகு, "தண்ணி குடுத்தா ஒடனே வெளிய விட்டுருது. ராத்திரி நாலு வாட்டி."

(இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லையே! நான் பட்டதாரி அல்லவா?)

எனக்கு வேறொன்று புரிந்தது. இது உலகம் இதுவரை பார்க்காத புதிய நோய். அதைக் கண்டுபிடித்தவள் நான். அந்த நோய்க்கு என் பெயரை வைப்பார்களா, எங்கள் ஊர்ப் பெயரை வைப்பார்களா என்று பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்திருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் ஜோஷி மேடம் கூப்பிட்டார். வெள்ளை போனுக்குக் கட்டுகிற வாடகை தண்டம் என்று அறங்காவலர்கள் சொல்கிறார்களாம். இந்த மாதக் கடைசிக்குள் இந்த போனால் பலன் அடைந்த ஒரு வீட்டையாவது காட்டு, இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்றார்.  வேலை போனால் போகட்டும். பதினொரு மணி போகக்கூடாது. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

"இருக்கு மேடம், ஒரு வீடு இருக்கு!" என்றேன். மஞ்சள் நோயை விரட்டியதையும், புதிய நோயோடு நான் போராடிக்கொண்டிருப்பதையும் அவிழ்த்துவிட்டேன். மேடம் அசந்துபோனார். தாவர நோயியலில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தனக்குத் தெரியும், அவரையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை நேரில் போவோம் என்றார்.

ஆவுடையப்பன் சாரிடம் போனில் சொன்னேன். "ஏனுங்க, வியாழக்கிழமை நாங்க மூணு பேர் உங்க செடியப் பாக்க வர்றோமுங்க!"



"செடியவா? வேண்டாம்மா. அதுக்கு ஆளுகளப் பாத்தா கூச்சம்."

"தமாசு பண்ணாதீங்க! நீங்க காட்டலீன்னா மாசக் கடைசில இந்த போனையே எடுத்துருவாங்களாம்."

 

"போனையே எடுத்துருவாங்களா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அப்ப வாங்க. காட்டித்தானே ஆவணும்."

வியாழக்கிழமை மேடத்தின் மாருதியில் போனோம். முன்னால் பேராசிரியர் குல்கர்ணி. வெள்ளை மீசை, சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. வழியெல்லாம் நான் பின்சீட்டிலிருந்து நோயின் குணங்களை ஒன்றொன்றாக ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். "விசித்திரம்! என் சர்வீஸில் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லை" என்றார். நான் பின்சீட்டில் ஓரடி உயர்ந்தேன்.

லிஃப்ட் ஏறிப்போய் மணியை அடித்தோம். குரலாக மட்டுமே தெரிந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம். உச்சி வழுக்கை, காதோரத்தில் மட்டும் வெள்ளை முடி. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்ததும், "எம்மா, இம்புட்டுக் கோழிக்குஞ்சா நீ?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். வலது காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடந்து எங்களை பால்கனிக்குக் கூட்டிப்போனார். அடுக்களையிலிருந்து உளுந்து வடை வாசனை.

பால்கனியில் செடி!

அடேயப்பா, என்ன ஒரு செடி! பெரிய தகர டப்பாவில் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது. மஞ்சள் இல்லை, வீக்கம் இல்லை, சாய்வு இல்லை. டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வேறு வைத்திருந்தார். என் வைத்தியம்! மேடம் என் முதுகைத் தட்டி, "வெரி குட், பூங்கொடி!" என்றார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். "புரொஃபசர் சார், செடிக்குப் பக்கத்துல நில்லுங்க. நீயும் நில்."

ஆவுடையப்பன் சார் அவசரமாக, "போட்டோ எடுத்தாச்சுன்னா வட சாப்பிட வரலாம்லா? ஆறிப்போவும்" என்றார்.

பேராசிரியருக்கு வடையில் நாட்டமில்லை. கணு வீக்கத்தைத் தேடிக் குனிந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தண்டை இரண்டு விரலால் பிடித்து, நோகாமல், லேசாக நிமிர்த்தினார்.

செடி மொத்தமாக மேலே வந்துவிட்டது.

வேர் இல்லை. கொத்துமல்லி வாங்கினால் காய்கறிக்காரர் கொசுறாகப் போடுவாரே, அந்தக் கறிவேப்பிலைக் கொத்துகள். ஒன்றாகச் சேர்த்து அடியில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு மண்ணில் செருகியிருந்தது. 'கிளிக்' என்று சத்தம். மேடத்தின் விரல் அந்த நேரம் பார்த்துத்தான் அழுத்தியிருந்தது.

 பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது. குழி என்று ஒன்று இருந்தால் அதில் என்னையே நட்டுக்கொண்டிருப்பேன்.

பேராசிரியர் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் இந்தியில் கேட்டார், வீக்கம் எங்கே என்று. ஆவுடையப்பன் சார் பாவம், பதற்றத்தில் உண்மையைக் காட்டிவிட்டார். கை தன்னால் வலது முட்டிக்குப் போனது.

பேராசிரியர் முட்டியைப் பார்த்தார். பிறகு தலையைப் பார்த்தார். உச்சியில் மட்டும் முடி இல்லை, பக்கங்களில் இருக்கிறது. காரில் எண்ணிய விரல்களை மறுபடி ஒன்றொன்றாக மடக்கினார். காலையில் சாய்ந்து கிடக்கிறது, பத்து மணிக்கு மேல் நிமிர்கிறது. தண்ணீர் தங்குவதில்லை. ராத்திரி நாலு முறை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இது செடியில்லை" என்றார் ஆங்கிலத்தில், மிகவும் நிதானமாக. "இது அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர்."

எனக்கு முதலில் வந்தது கோபம். தமிழில் கத்தினேன். "ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க? செடி எங்கீங்க?"

"செத்துப் போச்சும்மா."

"எப்போ?"

"நீ மோர் ஊத்தச் சொன்ன அந்த வாரமே."

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"தாராளமான்னு சொன்னேல்லா. சட்டியோட ஊத்துனேன். தெனமும்."

"டப்பாவுக்கு அடில ஓட்டை போட்டிருக்கீங்கல்ல?"

"ஓட்டையா? அதுல எதுக்கு ஓட்ட? மருமவ அரிசி போட்டு வச்சிருந்த டப்பால்லா."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னுடைய ஒரே நோயாளியை, முதல் வாரத்திலேயே, என் மருந்தாலேயே கொன்றிருக்கிறேன். அதன் பிறகு மாதக்கணக்காகப் பிணத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். புதிய நோய்க்குப் பெயர் வேறு தேடியிருக்கிறேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"செடி செத்துப் போச்சுன்னு சொன்னா, பொறவு நீ எதுக்கும்மா எங்கூடப் பேசுவ?"

 மேடம் என் தோளைத் தொட்டார். "என்ன சொல்றார்?"

மொழிபெயர்க்க வேண்டும். ஆங்கிலம் அந்த நேரம் முழுசாக மறந்துபோய்விட்டது. என்னிடம் இருந்தது காய்கறிக்கடை இந்தி. "ஜாட் நஹி ஹை மேடம்" என்றேன். செடி இல்லை. அடுத்து என்ன சொல்வது என்று தேடியதில் ஒரே ஒரு வார்த்தை கிடைத்தது. "அகேலா ஹை." தனியாக இருக்கிறார். சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவருக்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் அது பொய். அந்த வார்த்தையை நான் எனக்காகவும் வாயைத் திறந்து யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

பெரிய மனிதர்கள் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்படி ஒரு அழுகை. வேலைக்குப் போன இடத்தில் இதைவிட மானக்கேடு உண்டா? ஆவுடையப்பன் சார் பதறிப்போய், "அழாதம்மா, வட சாப்புடு, வட சாப்புடு" என்று சாந்தப்படுத்தினார். அதைத் தவிர அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

வடை சாப்பிட்டோம். மேடம் மூன்று சாப்பிட்டார். பேராசிரியர் தன் பேண்ட்டைச் சுருட்டித் தன் முட்டியைக் காட்டினார், அதுவும் வீக்கம்தான். இரண்டு பேரும் மராத்தியிலும் இந்தியிலுமாக முட்டியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆவுடையப்பன் சார் மராத்தியில் வெளுத்து வாங்கினார். கடைசியில் என்னைப் பார்த்துப் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓட்டை இருக்கிறதா என்று கேட்கவே இல்லையா?"

"ஏக்கருக்கு ஓட்டை கிடையாது சார்" என்றேன்.

அவர் சிரித்ததில் வாயிலிருந்த வடை புரையேறிவிட்டது.

கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தார் ஆவுடையப்பன் சார். மற்ற இருவரும் முன்னால் போக, என்னிடம் மெல்லக் கேட்டார். "போனை எடுத்துருவாங்கல்லா?"

"எடுத்துருவாங்க. எங்க வீட்டு நம்பர் தர்றேனுங்க. நீங்க சும்மா கூப்பிடுங்க."

"சும்மாவா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "சும்மா எப்படிம்மா கூப்புடறது? அதுக்கு ஒரு கூச்சம் இருக்குல்லா. மவன் ஆபீசுக்கும் அப்படித்தான், ரிசீவர எடுப்பேன், என்னத்தச் சொல்லன்னு வச்சிருவேன்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. கதிர் சனிக்கிழமைகளில் அமெரிக்காவிலிருந்து கூப்பிடும்போது நானும் கேஸ் தீர்ந்துவிட்டது, பில் வந்திருக்கிறது என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பேன். சும்மா பேசணும் போல இருந்தது என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை.

"அப்படின்னா செடிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

"செத்த செடிக்கா?"

"எனக்குத்தான் வித்தியாசமே தெரியலீங்களே."

லிஃப்ட் கதவு மூடும்வரை சிரித்துக்கொண்டு நின்றார்.

மாதக் கடைசியில் வெள்ளை போன் போய்விட்டது. மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்குப் பதில் பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தார். இனி யாரும் போனில் செடி பார்க்கக்கூடாது, பிராஜக்தா உட்பட. கூப்பிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும், முதலில் தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை பார்க்க வேண்டும், பிறகு மண்ணுக்குள் விரலை விட வேண்டும், அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். கல்லூரியில், படித்ததை விவசாயியிடம் கொண்டுசேர்க்கச் சொல்லித்தரும் விரிவாக்கப் பாடத்தில் எங்களுக்கும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள், விவசாயியின் மண்ணில் போய் நில் என்று. நான் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன்.

அப்படி வீடு வீடாகப் போய்த்தான் எனக்கு மராத்தி வந்தது. செடி பார்க்கக் கூப்பிட்ட வீடுகளில் பாதியில், செடி நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மேடத்திடம் சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். முதல் பயணம் ஹடப்சருக்கு. அடியில் ஓட்டை போட்ட தொட்டி, ஒரு நாற்று, மோர் கிடையாது. அந்தச் செடி பிழைத்துக்கொண்டது. ஆவுடையப்பன் சாரும் அதன்பிறகு ரொம்ப வருடம் இருந்தார். எத்தனை முறை கூப்பிட்டாரோ, அத்தனை முறையும் செடிக்கு ஏதோ ஒன்று வந்திருந்தது. ஒருதடவை அதற்குச் சர்க்கரைகூட வந்தது.

கதிர் திரும்பி வந்து கதையைக் கேட்டு, மேடத்திடம் போட்டோவை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியதோடு நிற்கவில்லை. நான் அவர் ஆபீசுக்கு எப்போது போன் செய்தாலும், "என்ன, கறிவேப்பிலைக்கு முட்டி வீங்கிருச்சா?" என்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானே, "ஆமா, வீங்கிருச்சு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையிருக்காது. அவர் பேசிக்கொண்டிருப்பார்.

எங்கள் மகள் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள். இப்போது தூரதேசத்தில், ஜன்னல்கூட ஒழுங்காகத் திறக்காத ஒற்றை அறையில் தங்கிப் படிக்கிறாள். செடி வைக்க இடமும் கிடையாது, வைத்தால் வளர வெயிலும் கிடையாது. போன வாரம் நான் தாளித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள். அவளுடைய அரைகுறைத் தமிழில், குரலை ரொம்ப சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, என் கறிவேப்பிலைல இலை மஞ்சளா ஆகுது."

அடுப்பை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"அடி இலையா கண்ணு, கொழுந்தா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ரெண்டும்தான்மா" என்றாள்.